வன்னியின் காய்ச்சலும் புதினாக் குடும்பமும்

முல்லைத்தீவுப் பகுதியின் பழைய ஊர்களில் வளவின் மூலையில் நொச்சி, கிணற்றடியில் கற்பூரவள்ளி, முற்றத்தில் துளசி, வேலியோரத்தில் தும்பை என்பன நிற்பதைக் காணலாம். இவை அழகுக்காகப் பேணப்பட்ட செடிகள் அல்ல. குளமும் காடும் நிறைந்த வன்னி நிலத்திலே காய்ச்சல் ஆண்டுதோறும் வீடு தேடி வந்த காலம் ஒன்றிருந்தது. வைத்தியசாலை வண்டிப் பயணத் தொலைவில் இருந்த அந்நாளில், வளவுக்குள் நின்ற செடியே முதல் மருந்தாயிற்று. அச்செடிகள் எவற்றைச் செய்தன, எவற்றைச் செய்ய இயலாதிருந்தன என்று ஆராய்வது வன்னி மக்கள் வாழ்ந்த வரலாற்றின் ஒரு பகுதியை ஆராய்வதேயாகும்.

மேற்கூறிய நான்கும் தோற்றத்தில் ஒன்றையொன்று ஒத்தவையல்ல. நொச்சி சிறுமரம், தும்பையோ முழங்காலளவு உயரும் பூண்டு. எனினும் தாவரவியலார் இவற்றை ஒரே குடும்பத்துள் அடக்குவர். சம்பலுக்கும் சோற்றுக்கும் மணமூட்டும் புதினாவின் குடும்பமே அது. சதுரமான தண்டு, எதிரெதிராக அமைந்த இலைகள், மேலுதடும் கீழுதடும் போலப் பிரிந்த பூ என்பன இக்குடும்பத்தின் பெரும்பாலான செடிகளிற் காணப்படும் அடையாளங்கள். உலகெங்கும் ஏறத்தாழ 7,000 இனங்கள் இதன்கண் உள. நொச்சி நெடுங்காலம் வேறொரு குடும்பத்திற் சேர்க்கப்பட்டிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த ஆராய்ச்சிகளின் பின்னரே அது புதினாவின் உறவு என உறுதியாயிற்று. அதனுடன் தேக்கும் குமிழும் இக்குடும்பத்துள் வந்து சேர்ந்தன. குமிழின் பெயரை நினைவூட்டும் குமுழமுனை என்னும் ஊர் முல்லைத்தீவுக்குத் தெற்கே இருப்பதை வானொலி நேயர் பலர் அறிவர்.

தமிழர் இச்செடிகளை மருந்துக்காக மட்டும் போற்றினாரல்லர். பண்டைப் புறத்திணை மரபிலே மதில் காத்து நின்ற வீரர் நொச்சிப் பூவைச் சூடினர். களத்தில் எதிர்நின்று பொருதோர் தும்பைப் பூவைச் சூடினர். 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவிலே தோல்வியுற்றதும் வரலாற்றிற் பதிவாகியுள்ளன. பூச்சூடிப் போர் செய்யும் வழக்கம் அதற்கு நெடுங்காலம் முன்னரே மறைந்துவிட்டது. ஆயின் நொச்சியும் தும்பையும் வன்னியை விட்டு நீங்கவில்லை. வாளுக்கும் துப்பாக்கிக்கும் அஞ்சாத ஒரு பகைவனை எதிர்க்க மக்கள் அவற்றை நாடினர். அப்பகைவன் மலேரியாக் காய்ச்சல்.

19ஆம் நூற்றாண்டிலே வன்னி குடிசனம் குன்றிய நிலமாக இருந்தது. அக்காலத்து நிலையை அறிய உதவும் நூல்களுள், ஆங்கில அரசாங்க அதிகாரியான ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதி 1895இல் வெளிவந்த கைந்நூல் முதன்மையானது. குளக்கட்டுகள் உடைந்தன, வயல்கள் காடாயின, எஞ்சிய குடிகளைக் காய்ச்சல் வாட்டியது. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மையான நுளம்பினம் ஆற்றுப் படுகைகளிலே தேங்கும் தெளிந்த நீரில் முட்டையிடுவது. மழை பொய்த்து, பேராறும் கனகராயன் ஆறும் ஓட்டம் குன்றிக் குட்டைகளாக நிற்கும் காலம் அதற்கு வாய்ப்பான காலம். பசியும் காய்ச்சலும் ஒருங்கே வந்ததன் காரணம் இதுவேயாகும்.

காய்ச்சல் வந்த வீட்டிலே செய்யப்பட்டவை பெரும்பாலும் ஒரே முறையினவாக இருந்தன. நொச்சி இலையைப் பானையிலிட்டுக் கொதிக்கவைத்து, நோயாளியைப் போர்வையால் மூடி வேது பிடிப்பித்தனர். பிள்ளையின் சளிக்குக் கற்பூரவள்ளி இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, சாற்றுடன் தேன் கலந்து கொடுத்தனர். இருமலுக்குத் துளசியும், தலைப்பாரத்துக்குத் தும்பைப் பூவும் பயன்பட்டன. மாலை வேளையில் நுளம்பை ஓட்ட நொச்சித் தழையைப் புகைத்தனர். பரியாரியார் கொடுத்த குடிநீரோ பல சரக்குகளைச் சேர்த்து, எட்டில் ஒன்றாக வற்றும்வரை காய்ச்சப்பட்டது. இம்மருத்துவத்தின் ஏட்டு மரபிலே யாழ்ப்பாண அரசரின் பெயரால் வழங்கும் பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் நூல்கள் சிறப்பிடம் பெற்றவை. பரராசசேகரம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளையின் முயற்சியால் அச்சேறியது.

ஏட்டிலே குணம் எழுதப்பட்டது. அக்குணத்துக்குக் காரணமான பொருள் யாது என்ற வினா பின்னர் எழுந்தது. அவ்வினாவின் வரலாறு இலங்கையையும் ஒல்லாந்து நாட்டின் லைடன் நகரையும் தொடுத்து நிற்கிறது. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராகிய போல் ஹேர்மன் 1672 முதல் 1677 வரை இலங்கையிலே பணிபுரிந்து, இந்நாட்டுச் செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேகரித்தார். பின்னர் லைடன் பல்கலைக்கழகத்தில் தாவரவியற் பேராசிரியரானார். அவர் இறந்த பின் அச்சேகரிப்புக் கைமாறிச் சென்று, சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசின் பார்வைக்கு வந்தது. அதனை ஆதாரமாகக் கொண்டு லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். இந்நாட்டிலே முடிதும்பை எனப்படும் செடி தன் அறிவியற் பெயரில் இலங்கையைக் குறிக்கும் சொல்லைத் தாங்கி நிற்பது அம்முயற்சியின் விளைவாகும்.

அதே லைடன் பல்கலைக்கழகத்தில் இரசாயனமும் மருத்துவமும் கற்பித்த கோபியஸ் என்பார், 1771இல் மிளகுப் புதினாவின் எண்ணெயிலிருந்து பளிங்கு போன்ற ஒரு பொருள் பிரிவதை எடுத்துரைத்தார். பிற்காலத்திலே மென்தோல் என்னும் பெயர் பெற்ற பொருள் அதுவே. அதன் மூலக்கூறு ஒன்றில் காபன் அணுக்கள் 10, ஐதரசன் அணுக்கள் 20, ஒட்சிசன் அணு 1 உள்ளன. சாதாரண வெப்பநிலையில் அது திண்மமாயிருப்பினும் எளிதில் ஆவியாகும். தலைவலித் தைலச் சிமிழைத் திறந்தவுடன் மூக்கை எட்டும் குளிர்ந்த மணம் பெரும்பாலும் இதனுடையது.

மென்தோல் பூசிய இடம் ஏன் குளிர்கிறது என்ற வினாவுக்கு விடை கிடைக்க இரு நூற்றாண்டுகளுக்கு மேற் சென்றன. தோலின் நரம்பு முனைகளிலே குளிரை உணரும் புரதம் ஒன்று உண்டு. உண்மையான குளிர் பட்டால் அது திறந்து மூளைக்குச் செய்தி அனுப்பும். மென்தோல் அப்புரதத்தைக் குளிரின்றியே திறந்துவிடுகிறது. இதனை 2002ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அவற்றின் தலைவர்களான டேவிட் ஜூலியசும் ஆர்டெம் பட்டபூட்டியனும், வெப்பத்தையும் தொடுகையையும் உடல் உணரும் வகையைக் கண்டறிந்தமைக்காக 2021இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். ஆகவே மென்தோல் பூசிய நெற்றியிற் குளிர்ச்சி தோன்றினும் உடலின் சூடு தணிவதில்லை. அடைத்த மூக்குத் திறந்தது போன்ற உணர்வு வரினும் மூச்சுப் பாதை அகல்வதில்லை. ஆறுதல் உண்மை, நோய் நீங்கிற்று என்ற எண்ணமே பிழை.

சமையற்கட்டுப் புதினாவில் மென்தோல் மிகக் குறைவு. அதன் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் சேர்வை. இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு மருந்தாகும் சதகுப்பையிலும் கார்வோனே இருக்கிறது. ஆயினும் இரண்டின் மணமும் வேறு. ஒரே பொருள், வலக்கையும் இடக்கையும் போல ஒன்றன் கண்ணாடி உருவாக மற்றொன்று அமைந்திருப்பதே காரணம். வலக்கையின் உறை இடக்கைக்குப் பொருந்தாதது போல, அவ்விரு வடிவங்களும் மூக்கினுள்ளே வெவ்வேறு விதமாகப் பொருந்துகின்றன.

கற்பூரவள்ளியின் தடித்த இலையிலே தைமோல், கார்வக்ரோல் என்னும் இரு சேர்வைகள் முதன்மையானவை. ஓமத்தின் மணத்துக்கும் தைமோலே காரணமாதலின், தமிழகத்தார் இச்செடியை ஓமவல்லி என வழங்குவது பொருத்தமானதே. தைமோலும் கார்வக்ரோலும் கார்வோனும் ஒரே வகை அணுக்களை ஒரே எண்ணிக்கையிற் கொண்டவை: காபன் 10, ஐதரசன் 14, ஒட்சிசன் 1. ஒரே அளவு கல்லும் மரமும் கொண்டு மூன்று வேறு வீடுகளைக் கட்டுவது போன்றது இது. தைமோல் கிருமிகளின் மேலுறையைச் சிதைக்க வல்லது. வாய் கொப்பளிக்கும் மருந்துகளிலே அது சேர்க்கப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொக்கிப்புழு நோய்க்கு மேனாட்டு வைத்தியர் அதனையே மருந்தாகக் கொடுத்தனர். அளவு மிகின் அது நஞ்சு என்பதனால் பின்னர் அதனைக் கைவிட்டனர்.

துளசியிலே யூஜெனோல் உண்டு. கராம்பின் மணமும் பல்நோவைத் தணிக்கும் அதன் இயல்பும் இச்சேர்வையாலேயே வருவன. இலங்கையிற் சர்பத்திலே கசகசா என்னும் பெயரால் மிதக்கும் கரிய விதை, துளசியின் உறவாகிய திருநீற்றுப்பச்சிலையினது. நீரில் ஊறி வழுவழுப்பாதலே அதன் குணம். நொச்சி இலையிலே ஆவியாகும் எண்ணெயும், ஆவியாகாத கசப்புப் பொருள்களும் உள்ளன. விலங்குகளில் நடத்திய ஆய்வுகளிலே நொச்சிச் சாரம் வீக்கத்தையும் நோவையும் தணித்தது காணப்பட்டுள்ளது.

இப்பொருள்களின் இயல்பை அறிந்தபின், பழைய செய்முறைகளைத் திரும்ப நோக்குதல் வேண்டும். கற்பூரவள்ளியை வாட்டிப் பிழிந்தவர், இலையைக் கொதிக்கவிடவில்லை. இளஞ்சூட்டில் இலையின் நுண்ணிய எண்ணெய்ச் சுரப்பிகள் உடையும், எண்ணெயோ பறந்துவிடாது. நொச்சியைக் கொதிக்கவைத்தவர், நீரைக் குடிக்கக் கொடாது ஆவியைப் பிடிக்கச் செய்தனர். நீராவியுடன் எண்ணெய் எழுவதே வேதுவின் பயன். வாலையில் வடித்துப் புதினா எண்ணெய் எடுப்பதும் இம்முறையே. எட்டில் ஒன்றாக வற்றிய குடிநீரில் மணமுள்ள எண்ணெய் பெரும்பாலும் எஞ்சாது. நீரிற் கரையும் கசப்பும் துவர்ப்புமே எஞ்சும். ஒரே இலை சாறாகும்போது ஒரு மருந்து. ஆவியாகும்போது வேறொரு மருந்து. குடிநீராகும்போது மற்றுமொரு மருந்து. அணுவையும் மூலக்கூற்றையும் அறியாதோர் கையாலும் மூக்காலும் கண்ட வேறுபாடு இது.

இவ்விரு அறிவுகளையும் தமிழிலே சந்திக்கச் செய்ய முயன்றவர் ஒருவர் உளர். அமெரிக்க மிசன் வைத்தியராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயை நிலையமாகக் கொண்டு பணிபுரிந்தார். தம் மாணவர் தம் மக்களிடையே பணியாற்ற வேண்டுமாயின் தம் மொழியிலே கற்கவேண்டும் எனக் கருதி, 1860களிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்கலானார். அவரும் அவர் மாணவரும் பெயர்த்த நூல்களுள் 1875இல் வெளிவந்த கெமிஸ்தம் என்னும் இரசாயன நூலும் ஒன்று. செடியின் குணத்தைச் சொல்லிய தமிழ், செடியினுள் இருக்கும் பொருளின் அமைப்பையும் சொல்லத் தொடங்கியது அப்போதேயாகும்.

இனி, இச்செடிகளால் இயலாதது யாது என்பதைக் கூறவேண்டும். மலேரியாவுக்குக் காரணம் குருதியின் செங்கலங்களுட் புகுந்து பெருகும் ஒட்டுண்ணி. அதனை லவரான் என்னும் பிரெஞ்சு வைத்தியர் 1880இற் கண்டார். நுளம்பே அதனைச் சுமக்கிறது என்பதற்கு ரொனால்ட் றொஸ் 1897இற் சான்று கண்டார். சிங்கோனாப் பட்டையிலிருந்து 1820இற் பிரித்தெடுக்கப்பட்ட குயினைன் அவ்வொட்டுண்ணியைக் கொல்லும். நொச்சி வேதுவும் துளசிச் சாறும் கொல்லமாட்டா. அவ்வாறாயின் வன்னி மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றை நம்பியது எங்ஙனம்?

விடை அக்காய்ச்சலின் போக்கிலேயே உள்ளது. முறைக்காய்ச்சல் குளிராய்த் தொடங்கி, கடுஞ்சூடாய் ஏறி, சில மணி நேரத்தின் பின் வியர்வையாய் வடிந்து தானே இறங்கும். ஒருநாள் விட்டு மீண்டும் வரும். சூடு ஏறியபோது வேது பிடித்தவர், வியர்த்துச் சூடு தணிந்தபோது அது வேதுவின் பயன் என நினைத்தது இயல்பே. மறுநாள் நோயாளி எழுந்து நடந்தான். மூன்றாம் நாள் காய்ச்சல் திரும்பியது. ஒவ்வொரு முறையும் குருதி குன்றியது, மண்ணீரல் வீங்கியது. கருவுற்ற பெண்ணும் பால்குடிப் பிள்ளையும் முதலிற் பலியாயினர். செடி தந்த ஆறுதல் பொய்யன்று. ஆனால் அவ்வாறுதலை நோய் தீர்ந்ததாகக் கொண்ட வீடு பிள்ளையை இழந்தது.

வன்னியிலிருந்து மலேரியா நீங்கிய வரலாறு நேரான பாதையன்று. 1940களின் நடுப்பகுதியில் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கும் பணி தொடங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே மலேரியா கண்டதாகப் பதிவாயிற்று. கவனம் தளர்ந்தது, 1968, 1969ஆம் ஆண்டுகளில் அது பெருங்கொள்ளையாக மீண்டது. 1999இல் நாடெங்கும் 2,60,000க்கு மேற்பட்ட நோயாளர் பதிவாயினர். போர் நிகழ்ந்த வடக்கும் கிழக்கும் அதிற் பெரும் பங்கைத் தாங்கின. போர்க்காலத்திலும் சுகாதார ஊழியர் குருதிப் பரிசோதனையையும் மருந்து தெளித்தலையும் மருந்திட்ட நுளம்பு வலை வழங்குதலையும் தொடர்ந்தனர். உள்நாட்டிற் பரவிய இறுதி நோயாளர் 2012 ஒக்டோபரிற் பதிவாயினார். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இதனாற் செடி மருத்துவம் பயனற்றது என்று கொள்ளுதல் தகாது. மலேரியாவுக்கு இக்காலத்துச் சிறந்த மருந்தாகிய ஆட்டிமிசினின் ஒரு செடியிலிருந்தே வந்தது. அது புதினாக் குடும்பத்ததன்று, சூரியகாந்திக் குடும்பத்தது. சீன அறிஞர் தூ யூயூ பழைய மருத்துவ ஏடொன்றிலே, அச்செடியைக் கொதிக்கவைக்காது நீரில் ஊறவைத்துப் பிழிக எனக் கண்டார். சூடு மருந்தைக் கெடுக்கிறது என உய்த்துணர்ந்து, குறைந்த வெப்பத்தில் சாரம் எடுக்கும் வழியை 1970களின் தொடக்கத்தில் வகுத்தார். 2015இல் நோபல் பரிசு பெற்றார். வாட்டிப் பிழிவதா, காய்ச்சி வடிப்பதா என்ற வேறுபாடு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஏட்டுச் சொல்லை எறிந்துவிடாமலும், சோதியாது நம்பிவிடாமலும் இருந்ததே அவர் வெற்றிக்குக் காரணம்.

வன்னியில் அத்தகைய சோதனைக்குரிய அறிவு பெரும் இழப்புக்கு உள்ளாயிற்று. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை அழித்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே போர் முடிந்தபோது, மாவட்டத்தின் ஊர்கள் வெறிச்சோடிக் கிடந்தன. எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் இருந்தனர். மனிதருடன் ஏடுகளும், ஏடுகளிற் சேராத கைப்பழக்கமும் மறைந்தன. மக்கள் மீண்டும் வந்து காடு மூடிய வளவுகளைத் துப்புரவாக்கியபோது, சுவர் இல்லாத வீட்டின் பக்கத்திலே நொச்சி நின்றது; ஒரு முறி கிடைத்தால் வேரூன்றும் கற்பூரவள்ளி அயல் வளவுகளுக்குப் பரவியது. செடி திரும்புவது எளிது. எந்த இலையை எவ்வளவு, எவ்வாறு, யாருக்கு, எந்த நோய்க்குக் கொடுப்பது என்ற அறிவோ எழுதிவைத்தாலன்றித் திரும்பாது.

அவ்வறிவை எழுதுவோர் எல்லையையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். மென்தோல் சேர்ந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கருகே பூசின் மூச்சுத் தடைப்படக்கூடும். கொதிபானையுடன் வேது பிடிப்பதில் வெந்நீர் கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதுண்டு. கண்ணாடிவிரியன் தீண்டியவருக்குத் தும்பைச் சாறு மருந்தாகாது. நஞ்சு முறிக்கும் ஊசி உள்ள வைத்தியசாலைக்கு விரைதலே உயிர் காக்கும். இரண்டு நாளுக்கு மேல் நிற்கும் காய்ச்சலுக்குக் குருதிப் பரிசோதனை வேண்டும். மலேரியா நீங்கிய நாட்டிலே டெங்குவும் எலிக்காய்ச்சலும் உள்ளன.

தொண்டை கரகரக்கும் பிள்ளைக்குக் கற்பூரவள்ளியும் தேனும் கொடுக்கும் பாட்டி, இருநூறு ஆண்டு இரசாயனம் கண்ட பொருளையே கொடுக்கிறார். அப்பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறி மூச்சு விரையுமாயின், கிண்ணத்தை வைத்துவிட்டு முல்லைத்தீவு வைத்தியசாலைக்குப் புறப்படும் பாட்டியே வன்னியின் வரலாற்றை முற்றும் அறிந்தவர்.